இரைப்பைச் சிகிச்சைக்குப் பின் ஆகார நியமமும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மிகுந்த உடற்பருமனுக்காக இரைப்பையில் ரணசிகிச்சை செய்துகொண்டவர்கள் அதன் பிறகு எவ்வாறு உண்டு எவ்வாறு வாழவேண்டும் என்பது இன்று எனக்கு இடப்பட்ட பொருள். கல்வியையும் வாணிகத்தையும் விவாகத்தையும் மகமைக் கணக்கையும் பற்றிப் பேசுகின்ற இம்மேடையில் வைத்தியப் பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் யாதெனில், சிகிச்சை வைத்தியசாலையில் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பலன் நிலைப்பதும் கெடுவதும் நம் வீட்டு அடுக்களையிலும், கலியாணப் பந்தியிலும், கடைக் கல்லாவிலுமே தீர்மானமாகின்றன. வைத்தியரின் கத்தி ஒருமுறைதான் வேலை செய்யும். நம் வீட்டுக் கரண்டியோ நாள்தோறும் மூன்று வேளை வேலை செய்யும். ஆகையால் கரண்டி பிடிக்கும் கைகளுக்கு இச்செய்தி எட்டவேண்டும் என்று கருதியே இங்கு நிற்கிறேன்.

நான் வைத்தியனல்லன், மளிகை வியாபாரி. இச்சிகிச்சை செய்துகொண்டோருள் நானும் ஒருவன். செய்து ஆறு ஆண்டுகள் ஆயின. என் விஷயத்தை இதற்குமேல் விரிக்க விரும்பவில்லை. வைத்தியர்கள் பொதுவாக விதித்திருப்பவற்றையும், நம் ஊர் வாழ்க்கையில் அவை எவ்விடத்தில் இடறுகின்றன என்பதையுமே சொல்லப்போகிறேன். அவரவர்க்கு அவரவருடைய வைத்தியர் சொல்லே பிரமாணம்.

நோயும் காலமும்

நம் முன்னோர் பனையேறினார்கள், பொதி சுமந்தார்கள், கருப்பட்டியும் உப்பும் வண்டியிலேற்றிப் பேட்டை பேட்டையாகத் தங்கி வாணிகம் செய்தார்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்ட அத்தேகங்கள் உண்டதனைத்தையும் உழைப்பிலே செலவிட்டன. நாமோ காலை ஏழு மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். கடை சாத்திய பிறகு பசியோடு உண்பது எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும். இடையிடையே தேநீரோடு சாத்தூர்க் காராச்சேவு. விருந்தினர் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இவை நம் சீமைக்குப் பெருமை தருபவை. இவற்றை நான் பழிக்கவில்லை. நடை குறைந்து, அளவு கூடி, நேரம் தவறியதே நோய்க்கு வழியாயிற்று.

இஃது நம் சமூகத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆய்வுக்குட்பட்ட வயதினரில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் எடை மிகுந்தவர்களாகவோ பருமனுள்ளவர்களாகவோ இருந்தனர். பருமன் சோம்பலின் கூலி என்று சொல்லி ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, தூக்கக் குறைவு, மனக்கவலை, சில மருந்துகள் ஆகிய பலவும் இதில் சேர்கின்றன. மிகுதியாகக் கொழுத்த தேகம் உணவைக் குறைத்தவுடன் பசியைப் பெருக்கி, இழந்த எடையைத் திரும்பத் தேடிக்கொள்ள முயல்கிறது. இதனால்தான் பத்தியம் இருந்து இளைத்தவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலையை அடைகிறார்கள். அவர்களை மனவுறுதியற்றவர்கள் என்று இகழ்வது அறியாமை.

சிகிச்சையின் இயல்பு

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அத்தொகையால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. 165 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 37 ஆகும். 1991-ல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி இக்குறியீடு 40-ஐ எட்டியவர்க்கும், நீரிழிவு முதலிய நோய்களோடு 35-ஐ எட்டியவர்க்கும் சிகிச்சை தகும். நம்மவர்க்கு வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுவதால், 25-க்கு மேற்பட்டதையே பருமன் என்று 2009-ல் இந்திய வைத்திய அறிஞர்கள் வரையறுத்தனர். 2022-ல் உலகச் சத்திரவைத்தியச் சங்கங்களும் ஆசிய மக்களுக்கு அளவைக் குறைத்தன. எனினும் அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை இதுவன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு, முழங்கால் தேய்வு ஆகியவற்றால் ஆயுள் குறைபவர்க்கே இது உரியது.

இது தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கப்பெற்ற நோயாளிகள் பிறகு பருப்பதில்லை என்பதைக் கவனித்து, அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் 1966-ல் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது அதன் முறை. இன்று நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், இரைப்பையின் முக்காற் பங்கை நெடுக வெட்டி நீக்கி, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை சுமார் நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் குழாயாகிறது. பசியைத் தூண்டும் சுரப்பு உண்டாகும் இடமும் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், முதல் ஓராண்டு பசி மிகவும் அடங்கியிருக்கும்.

சுவீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. சிகிச்சை பெற்றவர்களிடையே, பெறாதவர்களைவிட மரணம் குறைந்திருந்தது. ஆனால் ஆபத்தே இல்லையென்று எண்ணலாகாது. 2024 ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பக்கத்தில் இச்சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைப் பத்திரிகைகளிலே படித்தோம். விளம்பரத்தையும் விலைக் குறைவையும் மட்டும் நம்பி ஓடாமல், மயக்க வைத்தியரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஆகார நிபுணரும் மனநல வைத்தியரும் உள்ள இடமா என்றும், பிறகு ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்ப்பார்களா என்றும் கேட்டறிதல் அவசியம்.

முதல் இரண்டு மாதம்

சிகிச்சை முடிந்து வீடு வந்தவர், புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் போல உண்ணக் கற்றுக்கொள்ளவேண்டும். முதல் இரண்டு வாரம் நீராகாரமே: தெளிந்த ரசம், வடிகட்டிய பருப்பு நீர், நீர்மோர், கொழுப்பு நீக்கிய பால், இளநீர், கோழிச் சாறு. அடுத்த இரண்டு வாரம் மசித்த ஆகாரம்: குழைய வேகவைத்துக் கடைந்த பாசிப்பருப்பு, மசித்த தயிர்சாதம், கேழ்வரகுக் கூழ், அரைவேக்காடில்லாத மெத்தென்ற முட்டை. அதன்பின் மெதுவான திட ஆகாரம்: இட்டிலி, ஆவியில் வெந்த மீன், வெந்த காய்கறி. இரண்டு மாதமளவில் வீட்டு உணவு. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நாட்கணக்கு சிறிது மாறும், வரிசை மாறாது.

இக்காலத்தில் வீட்டார் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, “பிள்ளை வாடிப்போயிற்றே” என்று இரங்கி ஐந்தாம் நாளே சோறு பிசைந்து ஊட்டுவது. உள்ளே தையலிட்ட இடம் ஆறாதபோது திட ஆகாரம் போனால் விபரீதம் விளையலாம். மற்றொன்று, ஓயாத வாந்தியைச் சாதாரணம் என்று விட்டுவிடுவது. தொடர்ந்து வாந்தியெடுத்தால் தயமின் என்னும் ஜீவசத்து சில வாரங்களிலேயே குறைந்து, பார்வையும் நடையும் நினைவும் கெடும். காய்ச்சல், விரைந்த நாடி, தோளுக்கு ஏறும் வலி, பெருகும் வயிற்றுவலி ஆகியவை கண்டால் நல்ல நேரம் பாராமல், சிகிச்சை செய்த இடத்துக்கே அன்றிரவே செல்லவேண்டும். நீரிழிவு மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் பழைய அளவிலேயே விழுங்குவதும் ஆபத்து. ஆகாரம் குறைந்தவுடன் சர்க்கரை இறங்கிவிடும். ஆதலால் அளவை வைத்தியர் மாற்றித் தருவார்.

உண்ணும் முறை

ஆயுள் முழுவதற்குமான விதிகள் சிலவே. உண்ணும்போது புரதம் முதலில், காய்கறி இரண்டாவது, சோறு கடைசியில். நம் வழக்கமோ சோற்றை மலையாகக் குவித்துக் குழம்பால் நனைத்து, மீனையும் முட்டையையும் தொட்டுக்கொள்வது. கைப்பிடி கொள்ளும் வயிற்றில் சோறு முந்திக்கொண்டால் தசையைக் காக்கும் புரதத்துக்கு இடமில்லாது போகும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் உண்டு. காலையில் முட்டையும் அரை இட்டிலியும், முற்பகலில் பால், நண்பகலில் மீனும் பருப்பும் இரண்டு கரண்டிச் சோறும், மாலையில் அவித்த சுண்டல், இரவில் சிறிது கோழியோ முட்டையோ என்று பிரித்துக்கொண்டால் கணக்குச் சரிக்கட்டிவிடும். சைவர்கள் தயிர், பன்னீர், சோயா, பயறு வகைகளால் நிறைத்துக்கொள்ளலாம். போதாதபோது வைத்தியர் தரும் புரதத் தூளைச் சேர்க்கலாம்.

வாய்க்குச் சிறு கவளமாக எடுத்து, கூழாகும் வரை மென்று, ஒருவேளை உணவை இருபது முப்பது நிமிஷம் உண்ணவேண்டும். நெஞ்சில் சற்று அழுத்தம், விக்கல், மூக்கில் நீர் ஆகியவை போதும் என்பதன் அறிகுறிகள். அதன்மேல் ஒரு கவளம் உண்டாலும் வாந்திதான். உணவோடு நீர் அருந்தலாகாது. உண்ட பிறகு அரைமணி நேரம் கழித்தே அருந்தலாம். ஆயினும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே செல்லவேண்டுமாதலால், கால்மணிக்கு ஒரு மிடறாகப் பகல் முழுவதும் அருந்துவதே வழி. சோடாவும் கலரும் விலக்கு.

பரோட்டா இழுபட்டுப் பந்தாகி வழியை அடைக்கும். உலர்ந்த கறித்துண்டும் அப்படியே. பால்கோவா, ஜிலேபி, சீரணி, கருப்பட்டிப் பாகு இவற்றின் கதை வேறு. இனிப்பு வயிற்றில் தங்காமல் விரைந்து குடலில் விழுவதால் சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிறு கலக்கிப் படுக்கத் தோன்றும். மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்களில் பலரிடம் இது காணப்படும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கைநடுக்கமும் தலைச்சுற்றலும் வரும். மதுபானமோ முன்னிலும் விரைவாக இரத்தத்தில் ஏறும். முன்பு குடியாதவர்களும் பிறகு அதற்கு அடிமையான செய்திகள் உண்டு; ஆதலால் அதை அறவே ஒழிப்பது சிலாக்கியம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் இரைப்பையில் புண் உண்டாக்கும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியே பேசுவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். எல்லோருக்கும் அறமாகச் சொல்லப்பட்ட அளவு, இச்சிகிச்சை பெற்றவனுக்குத் தேகத்தின் கட்டளையாகவே ஆகிவிடுகிறது.

ஜீவசத்துக்கள்

ஆறு மாதத்தில் இருபது முப்பது கிலோ இளைத்தவரைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள். அவர் விழுங்கும் மாத்திரைகளைப் பார்த்து, “இளைத்துத்தான் விட்டீரே, இனி எதற்கு மாத்திரை?” என்றும் கேட்பார்கள். இக்கேள்வியால் கெட்டவர் அநேகர். பி12 என்னும் ஜீவசத்து தேகத்தில் ஏறுவதற்கு இரைப்பையின் ஒரு சுரப்புத் துணை வேண்டும். இரைப்பை குறைந்தால் அத்துணையும் குறையும். இரும்பும் சுண்ணாம்பும் டி சத்தும் அவ்வாறே குறைவுபடும். பி12 குறைவு மெள்ள மெள்ளக் கால் மரத்து, நடை தளர்ந்து, ஞாபகம் மங்கியபின்தான் தெரியவரும். ஆகவே மாத்திரையும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் ஆயுட்காலக் கடமை. இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடவேண்டும். தேநீரோடு இரும்பை விழுங்கினால் பயனில்லை.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தலைமயிர் உதிர்வது பலருக்கு நேரும். நம் பெண்மக்களை அச்சமுறச் செய்வது இதுவே. விரைந்து இளைப்பதால் வரும் இவ்வுதிர்வு பெரும்பாலும் தானே நின்று மீண்டும் முளைக்கும். புரதத்தையும் இரும்பையும் சரிபார்த்துக்கொண்டு பொறுத்திருத்தலே மருந்து.

தொழிலிடம்

நம் தொழில்களை வைத்தே சில சொல்லுகிறேன். மண்டியிலும் கிட்டங்கியிலும் மூட்டை தூக்குவோர் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பாரம் தொடலாகாது. கல்லாவில் அமர்வோர், கூட்டம் குறையட்டும் என்று உணவைத் தள்ளித் தள்ளி மூன்று மணிக்கு அள்ளி விழுங்கும் பழக்கத்தை விடவேண்டும். சிறு சம்புடம் ஒன்றும் தண்ணீர்க் குப்பி ஒன்றும் தராசுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பத்து நிமிஷம் பொறுத்தால் கடை கவிழ்ந்துவிடாது.

சிவகாசியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், பட்டாசுக் கம்பெனி ஆகியவற்றில் வேலை செய்வோருக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட வித்தே இத்தொழில்கள். உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோர் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் தண்ணீர் குடிக்கவும் எழுந்திரார். சிறு வயிறு உடையவர் அப்படியிருந்தால், வெயிலில் நீர் வறண்டு மயங்கி விழுவார். ஒரே தடவையில் செம்பு நிறையக் குடித்து ஈடுசெய்யவும் அவரால் முடியாது. மருந்துக் கலவை கையாளுமிடத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்குமாயின், அது அவர் ஒருவருடைய உயிரோடு நிற்பதன்று. அடுத்து நிற்பவர் உயிரையும் தொடும். ஆகையால் முதல் சில மாதங்கள் அவர்களைக் கணக்கெழுதும் வேலைக்கோ, பெட்டி அடுக்கும் வேலைக்கோ, மருந்தில்லாத வேறு வேலைக்கோ மாற்றிக் கொடுப்பதும், வேளைக்கு உண்ண விடுவதும் முதலாளிமார் கடமை. இக்கூட்டத்தில் முதலாளிமார் பலர் இருக்கிறீர்கள். செலவில்லாத இவ்வுதவியைச் செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்.

வீடும் பந்தியும்

நிற்க. இனிச் சொல்லப்போவதே என் உரையின் முக்கியமான பகுதி. சோறிடுதல் நம் சமூகத்தின் பெருமை. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் மாநிலமெங்கும் பரவச் செய்த காமராசர் பிறந்த ஊர் இது. விருந்தினர் இலையில் இடம் தெரியாமல் பரிமாறுவதையே மரியாதை என்று நம் தாய்மார்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த மரியாதைதான் சிறு வயிறு உடையவனுக்குப் பகையாய் முடிகிறது.

பங்குனிப் பொங்கலிலே, கலியாண வீட்டிலே, காதணி விழாவிலே அவன் பந்தியில் அமர்கிறான். “என்ன அண்ணாச்சி, கொறிக்கிறீங்க?” என்று ஒருவர் சோற்றைத் தள்ளுகிறார். “எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?” என்று மதினி முகம் கோணுகிறார். இலையில் மீதம் வைத்தான் என்று ஒருவர் குறை கூறுகிறார். அவன் என்ன செய்வான்? மரியாதைக்காக இரண்டு கவளம் கூட உண்டு கொல்லைப்புறம் சென்று வாந்தியெடுக்கிறான். அல்லது அடுத்த கலியாணத்துக்கு வராமலே இருந்துவிடுகிறான். இவ்வாறு ஒதுங்கியவர்களை நான் அறிவேன். எடை குறைந்தது, உறவும் குறைந்தது. உறவின்முறை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதற்கு இடங்கொடுக்கலாமா?

வீட்டுக்குள்ளும் இப்படியே. ஒருவருக்கு மட்டும் தனியடுப்பு மூட்டி நோயாளிச் சமையல் செய்தால், அது மூன்று மாதத்துக்கு மேல் நடவாது. வீடு முழுவதற்கும் பொதுவாக எண்ணெயைக் குறைத்து, பயறும் காய்கறியும் மீனும் கூட்டி, இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதே நிலைக்கும் வழி. அதனால் வீட்டிலுள்ள பிள்ளைகளும் பிழைப்பார்கள். பருமன் குடும்பத்தில் படரும் நோயாகையால் அடுத்த தலைமுறைக்கு அது காப்பு. உணவுக்குப் பின் அரைமணி நேரம் கணவனும் மனைவியும் நடந்துவருவது நல்லது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறு பளு தூக்குவதும் உட்கார்ந்தெழுவதுமாகத் தசைக்கு வேலை கொடுப்பது, இளைப்போடு தசையும் கரைந்துபோகாமல் காக்கும்.

பெண்மக்கள் நிலை

நம் பெண்மக்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஆண் இச்சிகிச்சை செய்துகொண்டால் “உடம்பைக் கவனிக்கிறான்” என்கிறோம். பெண் செய்துகொண்டால் “அறுத்து இளைத்தவள்” என்கிறோம். இவ்வேற்றுமை நியாயமா? வரன் பேசுமிடத்தில் அது குறையாகிவிடுமென்று அஞ்சிப் பெற்றோர் மறைக்கிறார்கள். மறைத்தவள் புகுந்த வீட்டில் மாத்திரையை மறைத்து விழுங்குகிறாள். மாமியார் எதிரில் வயிறு நோக உண்கிறாள். ஆண்டுப் பரிசோதனைக்குப் போக முடியாமல் தவிக்கிறாள். சிகிச்சைக்குப் பின் ஒன்று, ஒன்றரை ஆண்டு கர்ப்பம் தரியாமலிருப்பது நலம் என்று வைத்தியர் விதிக்கிறார்கள். எடை விரைந்து இறங்கும் காலத்தில் கருவுக்குப் போஷணை குறையும். இக்காரணம் அறியாத வீட்டார் “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று மாதந்தோறும் கேட்டால் அவள் என்ன மறுமொழி கூறுவாள்? பருமனால் மாதவிடாய் தவறிக் கருத்தரியாதிருந்த பெண்கள் சிகிச்சைக்குப் பின் எளிதில் கருவுறுவதும் உண்டாதலால், அவ்விடைக்காலத்தில் எச்சரிக்கை மிகவும் வேண்டும்.

சம்பந்தம் பேசும் இரு வீட்டாரும் இதனைக் கண்ணாடி அணிவது போன்ற ஒரு செய்தியாகச் சொல்லிக்கொள்ளும் காலம் வரவேண்டும். குடலிறக்கத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டவரை நாம் பழிப்பதில்லை. நோய் தீர்க்கச் செய்த இச்சிகிச்சைக்கு மட்டும் பழி ஏன்?

எடை மீள்வது பற்றி

இரண்டாண்டு சென்றபின் பசி சிறிது திரும்பும். குழாயும் சற்று விரியும். குறைந்த எடையில் ஒரு பகுதி பலருக்கு மீள்கிறது. சுவீடன் ஆராய்ச்சியிலும் இதைக் கண்டார்கள். வயிறு சிறிதாயினும், மிக்சரும் பால்காப்பியும் ஐஸ்கிரீமும் நாள்தோறும் சிறிது சிறிதாக நழுவிச் செல்லத் தடையில்லை. கூடிய ஐந்து கிலோவைக் கண்டு, “இவ்வளவு பணம் செலவழித்தும் பயனில்லை” என்று வீட்டார் ஏசினால், அவர் வைத்தியரிடம் போக வெட்கப்பட்டு மேலும் ஐந்து கிலோ கூடிவருவார். எடை மீள்வது குற்றமன்று. மீண்டும் ஆலோசனை கேட்பதற்குரிய அறிகுறி. 2025 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ள வாராந்தர ஊசி மருந்துகளையும் தக்கவர்க்கு வைத்தியர்கள் தருகிறார்கள். அவையும் வைத்தியர் பார்வையில் கொள்ளத்தக்கவை. ஊசியாயினும் கத்தியாயினும் ஆகார நியமம் ஒன்றே.

பிடியரிசி

முடிவாக, சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, நம் சங்க விருந்துகளிலும் கோயில் பந்திகளிலும் சிறிய இலைகள் சில வைத்திருக்கவேண்டும். முதியோர், நீரிழிவுடையோர், சிகிச்சை பெற்றோர், குழந்தைகள் ஆகிய யாவரும் கேள்வியின்றி அவ்விலையில் அமரலாம். பரிமாறுவோர் “போதுமா?” என்று ஒருமுறை கேட்டு, போதும் என்றால் நகர்ந்துவிடவேண்டும். இரண்டாவது, இச்சிகிச்சையை நாடுவோரும் பெற்றோரும் மாதம் ஒருமுறை சங்கக் கட்டடத்தில் கூடிப் பேச ஓர் அறையும், பெண்களுக்குத் தனியாக ஒரு வேளையும் ஒதுக்கவேண்டும். மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனைக்குப் பணமின்றித் தயங்கும் ஏழை உறுப்பினர்க்கு மகமை நிதியிலிருந்து ஒரு சிறு உதவி செய்யவேண்டும். சிகிச்சைக்குக் கடன் வாங்கியவர் பரிசோதனைக்குக் கையில் காசின்றி நிற்பதுண்டு.

1889-ல் இவ்வூர் விருதுபட்டியாயிருந்த காலத்தில் நம் முன்னோர் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். அதை நடத்துவதற்கு வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைத்தனர். அந்தப் பிடியரிசியால் ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். அப்பள்ளியிலே காமராசரும் பயின்றார். அன்று எந்தத் தாயும், இது ஒரு பிடிதானே, இதனால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. ஒரு பிடியின் மதிப்பை அறிந்த சமூகம் நம்முடையது. இன்று நம் பந்தியிலே ஒருவர் ஒரு பிடிச் சோறுண்டு கைகழுவினால், அவர் நம் விருந்தை அவமதிக்கவில்லை. தம் உயிரைக் காத்துக்கொண்டு நம்மோடு நெடுநாள் வாழவே அவ்வாறு உண்கிறார் என்று அறிந்து, அவரை முகமலர்ந்து எழுப்பி அனுப்புவோமாக.